தொண்ணூற்றெட்டு

என் வீட்டு உரிமையாளரைத் தெருவில் எல்லோரும் தொண்ணூற்றெட்டு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சார். முதுகு திரும்பினால் தொண்ணூற்றெட்டு. வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் மூத்த விஞ்ஞானி. மழையை முன்கூட்டிச் சொல்கிற கம்ப்யூட்டர் மாடல் ஒன்றை உண்டாக்கியவர். அந்த மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நாள் சரியாகச் சொல்லும் என்பதை அவர் பால்காரரிடமும் சொல்லியிருக்கிறார், குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடமும் சொல்லியிருக்கிறார். மாடி போர்ஷனைப் பார்க்க நான் முதன்முதலாக வந்தபோது, மேலே தண்ணீர் ஏறுமா என்று கேட்டேன். அதற்கும் அதைத்தான் சொன்னார்.

நான் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். மாடி முன்னறையில் உட்கார்ந்து மாவு கலந்து, அச்சு வார்த்து, பல் பதித்து அனுப்புவேன். இந்தத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் சிரித்தாலும் எது சொந்தப் பல், எது கட்டின பல் என்று கண் அங்கேதான் போகும். தொண்ணூற்றெட்டுக்கு அத்தனையும் சொந்தப் பல். சிரிப்புதான் கட்டினது.

அவர் மேலே வந்த கதையை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன், அவர் மனைவி வாயாலும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கதை முழுசாகும். படித்துவிட்டு வந்த புதிதில் விடியற்காலையில் எழுந்து போய் வானத்தில் பலூன் விட்டுக்கொண்டிருந்தாராம். பலூன் மேலே போய் ஈரம், காற்று, சூடு எல்லாம் அளந்து அனுப்பும். அப்போது மனிதருக்கு வேலையில் வெறி இருந்தது. வீட்டுக்கு வந்தால் மேகத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒருநாள் புயல் வருகிறது என்று துணிந்து சொன்னார். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், கடைகளை அடைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. பத்திரிகையில் அவரைக் கோமாளியாகப் படம் போட்டார்கள். மேலதிகாரி நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்.

அன்றைக்கு அவர் ஒரு பாடம் படித்தார். மழை வரும் என்று சொல்லி வராவிட்டால் உதை விழும். வராது என்று சொல்லி வந்துவிட்டால் அதற்கு இயற்கைச் சீற்றம் என்று பெயர், விஞ்ஞானியை யாரும் தொடமாட்டார்கள். அதற்கப்புறம் அவர் செய்த ஆராய்ச்சியெல்லாம் இந்த ஒரு வரிக்கு உரை எழுதினதுதான். எங்கள் ஊரோ மழைக்குப் பேர்போன ஊர் இல்லை. வருஷத்தில் பெரிய மழை என்று விரல் விட்டு எண்ணலாம். 'கனமழைக்கு வாய்ப்பில்லை' என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால் தொண்ணூற்றெட்டு தானாக வரும். வந்தது. பதவி உயர்வும் வந்தது, வெளியூர்க் கருத்தரங்குகளும் வந்தன. ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு துணிப்பை கொடுப்பார்களாம். அக்கா அந்தப் பைகளில்தான் காய்கறி வாங்கி வருவாள். 'பூமியின் எதிர்காலம்' என்று எழுதியிருக்கும், உள்ளே முட்டைக்கோஸ் இருக்கும்.

அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. வாய் கொஞ்சம் நீளம். ஒருமுறை என் முன்னாலேயே அவரிடம் கேட்டாள்: "தினமும் காலைல எழுந்து 'இன்னைக்கு நம்ம வீட்டுக்குத் திருடன் வரமாட்டான்'னு நான் சொன்னா, எனக்கும் தொண்ணூத்தொம்பது வரும். எனக்கும் ஒரு பை தருவாங்களா?"

அவர் பல்லைக் காட்டினார். அவ்வளவுதான் பதில்.

கீழே முன்னறையில் அக்காவின் அப்பா படுத்திருந்தார். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பெரும்பாலும் போய், தொழில் வாக்கியம் ஒன்று மட்டும் மிஞ்சி நின்றது. யார் அறைக்குள் வந்தாலும் "லைன் கிளியரா?" என்பார். முன்னால் பாதை காலியா என்று ரயில்காரர்கள் கேட்பது அது. கிளியர் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சாப்பிடமாட்டார், தூங்கமாட்டார், கண்ணை நம் மேலேயே வைத்திருப்பார். சொல்லிவிட்டால் இடது கையை லேசாக உயர்த்துவார், கொடி காட்டுகிற மாதிரி. அவருக்குப் பல்செட் கட்டிக்கொடுத்தவன் நான். கீழ்ச்செட் ஈறில் உறுத்துகிறது என்று அக்கா சொன்னதால், ஒருநாள் சாயங்காலம் அதை ராவி சரிசெய்து கொண்டுபோயிருந்தேன். அதனால்தான் அன்றைக்கு நடந்த இந்தப் பேச்சை நான் கேட்க நேர்ந்தது.

பெரியவரின் கட்டிலுக்கு எதிரேதான் சாப்பாட்டு மேசை. தொண்ணூற்றெட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அப்பாவுக்குப் பாலில் ரொட்டியை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்றே இல்லை. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது.

"இன்னைக்கு மாடல் ஒரு கூத்து பண்ணிச்சு," என்றார் தொண்ணூற்றெட்டு, உருளைக்கிழங்கை மென்றுகொண்டே.

"என்ன கூத்து?"

"நாளைக்கு நம்ம ஊருக்கு நானூத்திப் பத்து மில்லிமீட்டர்னு ஒரு நம்பரைத் துப்பிச்சு. நானூத்திப் பத்து! இந்த ஊர் ரெக்கார்டுலயே இருநூறைத் தாண்டினது கிடையாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வடிகட்டி வெட்டிடுச்சு. ரெக்கார்டுக்கு மேல எந்த நம்பர் வந்தாலும் அது தப்புன்னு தூக்கிப் போட்டுட்டு, அக்கம்பக்கத்து ஊர் சராசரியை வெச்சுக்கும். நான் எழுதின வடிகட்டி. 'லேசான தூறல்'னு அறிக்கை போயாச்சு." அவருக்கே சிரிப்பு வந்தது. "அது மட்டும் இல்லாட்டி நாளைக்கு என் மானம் கப்பல் ஏறியிருக்கும்."

அக்கா ரொட்டியைப் பிசைவதை நிறுத்தினாள். "ஏன் அப்படிச் சொல்லுது? ஒண்ணுமில்லாமயா சொல்லும்?"

"கடல்ல ஒரு சுழி இருக்கு. அது இருக்கிறதுதான். மாடலுக்கு அப்பப்ப பித்தம் ஏறும்."

"இதுக்கு முன்னாடி எப்பெல்லாம் ஏறிச்சு?"

அவர் டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார்.

"கேக்கறேன் இல்ல?"

"இதான் முதல் தடவை," என்றார்.

அக்கா எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து என்னைப் பார்த்தாள். "தம்பி, உங்க முன்னறைல அப்பா கட்டிலைப் போட இடம் இருக்கா?"

"மேசையை ஓரமாத் தள்ளினா தாராளமா இருக்கு அக்கா."

"தள்ளிடுங்க. இப்பவே தூக்கிடலாம். பின்னாடி கால்வாய் ஏற்கெனவே நிறைஞ்சு கிடக்கு. கொஞ்சம் பெஞ்சாலும் முதல்ல இந்த ரூமுக்குத்தான் வரும்."

தொண்ணூற்றெட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்ன பேசறே நீ? நாளைக்குக் காலைல எனக்கு இன்டர்வியூ. இயக்குநர் பதவி. தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"எதிர்வீட்டுல யார் இருக்கான்?"

எதிர்வீட்டில் அவருடைய அலுவலகத்துக்காரர் ஒருவர் இருந்தார். அதே பதவிக்கு மனுப் போட்டிருப்பவர். எந்நேரமும் பால்கனியில் நிற்பதால் தெருவில் அவருக்குப் பைனாகுலர் என்று பெயர். எங்கள் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, அவர் பால்கனிக்கு நேர் எதிரே ஏறுகிறது.

"அவன் பாத்துடுவான்," என்றார் தொண்ணூற்றெட்டு. "நாளைக்கு இன்டர்வியூ வாசல்ல உக்காந்துகிட்டு, 'தூறல்னு அறிக்கை குடுத்தவர் வீட்லயே சாமானெல்லாம் மேல ஏத்தறாங்க'ன்னு ஊதி விடுவான். என் மாடலை நானே நம்பலேன்னு ஆயிடும்."

"எங்கப்பா சாமானா?"

"வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதே. மதியம் வரைக்கும் பொறுத்துக்கோ. இன்டர்வியூ முடிஞ்சதும் நானே வந்து தூக்கறேன். அரை நாள். அரை நாள்ல என்ன குடி முழுகிடும்?"

"கேட்டா கேட்டுட்டுப் போறான். நம்ம வீடு, நம்ம அப்பா. வயசானவருக்குக் காத்து வேணும்னு சொன்னா போச்சு."

"பல்செட், நீங்க உங்க வேலை முடிஞ்சா கிளம்புங்க," என்றார் அவர் என்னிடம். அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

இவ்வளவு சத்தத்தில் பெரியவருக்கு என்ன புரிந்ததோ, கண்ணை அகலமாகத் திறந்து மருமகனைப் பார்த்தார். "லைன் கிளியரா?" என்றார்.

"கிளியர் மாமா," என்றார் தொண்ணூற்றெட்டு உடனே. "எல்லாம் கிளியர். நிம்மதியாத் தூங்குங்க."

பெரியவரின் இடது கை லேசாக உயர்ந்து இறங்கியது.

அக்கா பயந்தவள் இல்லை. அவள் நினைத்திருந்தால் அப்போதே தூக்கியிருக்கலாம். ஆனால் அந்தப் பதவிக்காக அவரோடு சேர்ந்து அத்தனை வருஷம் காத்திருந்தவள் அவளும்தான். சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, கருத்தரங்குக்குப் பெட்டி கட்டி, வராத மேலதிகாரிகளுக்குச் சமைத்து வைத்து அலுத்தவள். பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "வாழ்க்கைல அரை நாள் அந்த மனுஷனை நம்பினேன் தம்பி. அந்த அரை நாள்தான்."

காலையில் தூறல் விழுந்தது. அறிக்கையில் போட்டிருந்தபடியே லேசான தூறல். தொண்ணூற்றெட்டு கோட்டும் டையுமாக வாசலில் வந்து நின்று, பைனாகுலர் பார்க்கும்படி வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். அக்கா குடையை நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நனைந்துகொண்டே காரில் ஏறினார். பைனாகுலரும் சளைக்கவில்லை. அவரும் குடை இல்லாமலேயே இறங்கிப் போனார். இரண்டு படித்த ஆண்பிள்ளைகள் மழையைத் தெரிந்துகொண்டே நனைந்ததை மாடியிலிருந்து நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அப்புறம் விழுந்ததை மழை என்று சொல்ல முடியாது. எதிர்வீடு மறைந்துபோயிற்று. கூரையில் விழுந்த சத்தத்தில் என் பல் ராவுகிற மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கீழே எட்டிப் பார்த்தால் தெரு இல்லை. கால்வாய் எங்கே, ரோடு எங்கே என்று தெரியாமல் பழுப்பாக ஒரே தண்ணீர். செருப்பும், வாளியும், யாருடையதோ ஒரு கேஸ் சிலிண்டரும் மிதந்து போயின.

"தம்பீ!" என்று அக்கா கத்துவது கேட்டது.

நான் இறங்கிப் போனபோது முன்னறையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கதவு ஊறி அடைத்துக்கொண்டிருந்தது. தோளால் இடித்துத்தான் உள்ளே போனேன். அக்கா தலைமாட்டில் நின்று அப்பாவின் கழுத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மெத்தை தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. கட்டிலோடு தூக்குவது நடக்காத காரியம். போர்வையில் சுற்றி, நான் கால்பக்கமும் அவள் தலைப்பக்கமுமாகத் தூக்கினோம். பக்கவாதக்காரரின் உடம்பு சாதாரண உடம்பைப் போல இருக்காது. நம் கையில் பிடி கொடுக்காது. வாசல்படியில் அக்காவுக்குக் கால் வழுக்கியது. மூன்று பேரும் விழுந்தோம். பெரியவர் தண்ணீருக்குள் போய்விட்டார். சேற்றுத் தண்ணீரில் துழாவி நான் அவரைத் தூக்கும்போது வாய் நிறையத் தண்ணீர். நான் கட்டின இரண்டு செட்டும் போய்விட்டன. இருமி இருமி, மூச்சு வந்ததும், அந்தப் பொக்கை வாயால் அவர் கேட்டார்: "லைன் கிளியரா?"

எனக்கு வாய் வரவில்லை. அக்காவும் சொல்லவில்லை. மாடிப்படி முழுக்க அவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அதே நேரத்தில் இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. பைனாகுலர் பின்னால் வந்து சொன்னதுதான் இது. எதிரியைப் பற்றிச் சொல்வதென்றால் மனிதர் ஒன்றையும் விடமாட்டார். கரண்ட் போய், மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்களாம். ஜன்னலில் மழை அறைகிற சத்தத்தில் தொண்ணூற்றெட்டு பேசுவது யாருக்கும் கேட்கவில்லையாம். "உங்க மாடலோட துல்லியம் எவ்வளவு?" என்று ஒருவர் கத்திக் கேட்க, "தொண்ணூத்தெட்டு!" என்று இவரும் கத்தினாராம். வெளியே கார்கள் மிதந்துகொண்டிருந்தன. அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். எங்கேயும் போகமுடியாமல் எல்லோரும் அங்கேயே விருந்தினர் அறையில் டீ குடித்துக்கொண்டு இருந்தார்களாம்.

தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகு அவர் மீட்புப் படகில் வந்து இறங்கினார். கையில் ஓர் இனிப்புப் பெட்டி. மாடிப்படி ஏறும்போதே, "செலக்ட் ஆயிட்டேன்!" என்றார்.

என் வேலை மேசையில், பல் அச்சுகளுக்கு நடுவே, பெரியவர் மூச்சு இரைக்கப் படுத்திருந்தார். நெஞ்சுக்குள் கொரகொரவென்று கேட்டது. அக்கா ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகணும். அந்தப் படகை நிறுத்துங்க," என்றாள். இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

அழுக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த வாரம் பெரியவர் போய்விட்டார். எனக்கு அவர் உறவு இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தாலும் அழுதேன்.

ஊரில் கூச்சல் எழுந்தது. இவ்வளவு மழையைத் தூறல் என்று சொன்னது யார் என்று கேட்டார்கள். இந்த இடத்தில் தொண்ணூற்றெட்டு மாட்டிக்கொள்வார் என்று நான் நினைத்தேன், பைனாகுலரும் நினைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவர் போய்க் குப்பையைக் கிளறினார். வடிகட்டி வெட்டிப் போட்டிருந்த அந்த நானூற்றிப் பத்தை எடுத்துத் துடைத்து வெளியே வைத்தார். பெய்தது நானூறுக்குக் கொஞ்சம் மேலே. 'வரலாறு காணாத மழையை முந்தின நாளே கண்டுகொண்ட மாடல்' என்று பத்திரிகையில் வந்தது. முதலில் கோமாளி போட்ட அதே பத்திரிகைதான். தூறல் அறிக்கைக்குக் காரணம் தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அந்தக் கோளாறுக்கு அம்மா அப்பா யார் என்று எவரும் கேட்கவில்லை. சாயம் வெளுக்கும் என்று பார்த்தால் புதுச் சாயம் பூசிக்கொண்டு வந்து நிற்கிறார் மனிதர்.

பாராட்டு விழா வைத்தார்கள். பெரிய ஹால், மேடையில் திரை, திரையில் அந்த எண். அக்கா கூப்பிட்டதால் நானும் போனேன். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேடயத்தைக் கொடுத்து முடித்ததும், குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று அவளை மேடைக்கு அழைத்தார்கள். தொண்ணூற்றெட்டு தலையாட்டி ஊக்கப்படுத்தினார்.

"எனக்குப் பேசத் தெரியாது," என்றாள் அக்கா. அது பொய். "நீங்கள்ளாம் சொன்னது நிஜம்தான். மாடலுக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. இவருக்கும் தெரியும். சாப்பிடும்போது எங்கிட்ட நம்பரோட சொன்னாரு. அப்பாவை மாடிக்குத் தூக்கிடலாம்னு நான் கேட்டேன். வேண்டாம், எதிர்வீட்டுக்காரர் பாத்தா இன்டர்வியூ கெட்டுடும்னாரு. மத்தபடி அவரு ரொம்ப முன்கூட்டியே சொன்னாரு."

பாதிப் பேர் கை தட்டினார்கள். பழக்கதோஷம். மீதிப் பேர் தட்டப் போன கையைத் தட்டாமல் வைத்துக்கொண்டார்கள். பைனாகுலர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரி ஒருத்தி எழுந்தாள். "சார், முந்தின நாளே தெரியும்னா ஊருக்கு ஏன் சொல்லல? தெரியாதுன்னா இந்த விழா எதுக்கு?"

தொண்ணூற்றெட்டு மைக்கைப் பிடித்தார். அந்தச் சிரிப்பு, அளவு தப்பின செட் மாதிரி, வாயில் நிற்காமல் ஆடியது. "எந்த மாடலுக்கும்," என்றார், "ஒரு ரெண்டு சதவீதம் தவறு இருக்கத்தான் செய்யும்."

அக்கா மேடைப்படியில் பாதி இறங்கியிருந்தாள். நின்று திரும்பினாள். மைக் இல்லாமலேயே அந்த ஹால் முழுக்கக் கேட்டது.

"அந்த ரெண்டுலதாங்க எங்கப்பா படுத்திருந்தாரு."

நானும் அக்காவும் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அவர் பிந்தி, அலுவலகக் காரில் வந்தார். கேடயம் நல்ல கனம் போலிருக்கிறது. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அக்கா அன்று எதையாவது எடுத்து அடிப்பாள் என்று நான் படியிலேயே நின்றேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்படி நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே," என்றார் அவர். அவள் தலையைத் தூக்கவில்லை. அவர் கேடயத்தை மாற்றிப் பிடித்தார். பிறகு, கை வலித்திருக்கவேண்டும், "சரி, இதை எங்க வைக்கறது?" என்று கேட்டார்.

"அப்பா கட்டில் இருந்த இடம் காலியாத்தானே இருக்கு," என்றாள் அக்கா. "அங்க வைங்க."

வைத்தார்.